தலை போன ராஜா

கதவுக் கண்ணாடி வழியாக ஹிலரி எட்டிப் பார்த்தபோது தேர்வு தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

உள்ளே பலகையில் கண்காணிப்பாளர் அம்மாள் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தார். வரலாறு, இரண்டாம் தாள். தொடக்கம் 9.00, முடிவு 11.30. அதற்குக் கீழே, பிரிட்டன், 1625 முதல் 1660 வரை.

பாவம், கிழவி ஆண்டைத் தப்பாக எழுதிவிட்டாள் என்றுதான் ஹிலரி முதலில் நினைத்தாள்.

இரண்டு வருடமாக அவள் நடத்தியது 1509 முதல் 1547 வரை. எட்டாம் ஹென்றி. ஆறு பெண்டாட்டி கட்டிய ராஜா.

ஆசிரியர் அறைக்கு ஓடினாள். அலமாரியில் பாடத்திட்டப் புத்தகம் இரண்டு இருந்தன. இரண்டுக்கும் ஒரே நீல அட்டை. பாடக் குறியீட்டில் கடைசி எண் மட்டும் வேறு. அவள் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தது பழையது. புதியதை ஒரு தடவைகூடப் பிரித்ததாகத் தெரியவில்லை.

அதில் ஹென்றியைக் காணோம். ஆறு பெண்டாட்டிக்காரன் போய், தலை போன ராஜா முதலாம் சார்லஸ் வந்திருந்தார்.

இந்த மாற்றங்களுக்காக எத்தனை கூட்டம்! துணைத் தலைமையாசிரியர் ஆக்டன் திரையில் வரியைப் போட்டு, போட்ட வரியையே வாசிப்பார். முதல் வருடத் தேர்வு இனிக் கிடையாது, எல்லாம் இரண்டு வருட முடிவில் ஒரே மூச்சில் என்று வாசித்ததும் அவர்தான். பாடம் மாறியதையும் வாசித்திருப்பார். ஹிலரி அப்போது பிஸ்கட்டை டீயில் தோய்த்துக்கொண்டிருந்திருப்பாள்.

பழைய முறையாக இருந்தால் போன ஜூனிலேயே குட்டு வெளிப்பட்டிருக்கும். திருத்திக்கொள்ள ஒரு வருடம் கிடைத்திருக்கும். இப்போது இன்றைக்கு ஒரு நாள்தான். பதினொரு பிள்ளைகள், பதினொரு பல்கலைக்கழக இடங்கள்.

யாரை முதலில் நினைப்பது என்று தெரியவில்லை. ஒருவனை மட்டும் நினைக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

திரும்ப ஓடி வந்தாள். வாசலில் தேர்வு அலுவலர் பெவர்லி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் உள்ள போகணும் பெவ்."

"பாடம் எடுத்தவ உள்ள கால் வைக்கக் கூடாதுன்னு தெரியாதா கண்ணு? ஏன் இப்படி வெளிறிப் போயிருக்க? போய் ஒரு டீ குடி."

டீ எப்படி இறங்கும்? சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தாள். சொன்னால் தேர்வு நிற்கப்போவதில்லை, பிள்ளைகள்தான் மிரளும். வாயை மூடிக்கொண்டாள்.

கண்ணாடியில் முதல் மூன்று வரிசைதான் தெரிந்தது. எல்லாத் தலையும் குனிந்திருந்தது. எல்லாக் கையும் ஓடிக்கொண்டிருந்தது.

இதுகள் என்னத்தை எழுதித் தொலைக்கின்றன? கேட்டது ஒரு ராஜா, தெரிந்தது வேறு ராஜா!

கண்ணாடிக்கும் ஜன்னலுக்கும் நடந்தாள். வெளியே யார்க்‌ஷயரின் ஜூன் மாதத் தூறல். கழிப்பறைக்குப் போய் முகம் கழுவி வந்தாள். கடிகாரம் நகரவில்லை. பெவர்லி நீட்டிய மிட்டாயை வாங்கிப் பிரிக்காமலே நசுக்கினாள். ராஜினாமாக் கடிதத்தை மனதுக்குள் நான்கு தடவை எழுதிவிட்டாள், நான்கிலும் முதல் வரி சரியாக வரவில்லை.

பதினொன்றரைக்குக் கதவு திறந்தது. வரிசை வரிசையாக விட்டார்கள்.

அனீசா சிரித்துக்கொண்டே வந்தாள். "சூப்பரா வந்துச்சு மிஸ்."

"எது?"

"சார்லஸ்தான். தலையை எடுத்தது நியாயமான்னு கேட்டிருந்தான். நாலு பக்கம் தீட்டிட்டேன்."

ஹிலரி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

பிப்ரவரியிலேயே தெரியுமாம். பிராட்ஃபோர்டில் இதே தேர்வுக்குப் படிக்கும் அனீசாவின் அத்தை மகள் இவளுடைய புத்தகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தாளாம். சனிக்கிழமைதோறும் அனீசாவின் மாமாவுடைய கார்ப்பெட் கடை மாடியில் உட்கார்ந்து, தாங்களே படித்து முடித்திருக்கிறார்கள். வகுப்பில் ஹென்றி, மாடியில் சார்லஸ்.

"என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"சொன்னா உங்களைத் தூக்கிட்டு ஆக்டன் சாரைப் போட்டிருப்பாங்க. அந்த ஆளோட யாரு மிஸ் மாரடிக்கிறது?"

ஹிலரிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது. இதுகளையா இரண்டு வருடமாகச் சோம்பேறிகள் என்று திட்டினோம்? கூசிப்போனாள். அனீசாவின் தலையைப் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"எல்லாருமா படிச்சீங்க?"

அனீசாவின் சிரிப்பு நின்றது. பக்கத்தில் நின்ற பையன்கள் ஷூவைப் பார்த்தார்கள்.

"ஜோயலைத் தவிர மிஸ். அவன்கிட்ட சொன்னா அன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுலயே உங்க காதுல போட்டுடுவான்ல. ஈஸ்டர் லீவுல சொல்லிக்கலாம்னுதான் இருந்தோம். அப்புறம் யாரு சொல்றதுன்னே..."

பெயரின் எழுத்து வரிசைப்படிதான் உட்கார வைப்பார்கள். ஹிலரியின் கணவருடைய குடும்பப் பெயர் டபிள்யூவில் தொடங்குவது. ஆகவே ஜோயல் கடைசி வரிசை.

கடைசி வரிசையை அப்போதுதான் விட்டார்கள்.

பள்ளிக்கூடத்துக்குள் மற்றவர்களைப் போல் 'மிஸ்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். இரண்டு வருடத்தில் ஒரு நாளும் அவன் அதை மீறியதில்லை.

அத்தனை பேருக்கும் நடுவே வந்து நின்று, "அம்மா," என்றான்.