பூக்கள் யாருக்காக?

எங்கள் வீட்டு டிவி, எதிரே இருப்பவர்களில் யார் அதிகம் கூச்சப்படுவாரோ, அவருக்கு ஏற்றபடி படத்தை வெட்டிக் காட்டும். அது யார் என்று மட்டும் சொல்லாது. வீட்டில் சண்டை வரக்கூடாதாம்!

முத்தக் காட்சி வந்தால் இரண்டு பூக்கள் ஆடும். மகளுக்காகத்தான் என்று நினைத்திருந்தேன். அவள் வேலை கிடைத்துக் கோவைக்குப் போன பிறகும் பூக்கள் ஆடின.

“முப்பது வருஷம் சினிமா சென்சார் ஆபீஸ்ல இருந்தவன் நான். நான் பாக்காத சீனா? எல்லாம் உன்னாலதான், செங்கமலம்” என்றார் என் கணவர்.

நானும் நம்பினேன். அவர் நிம்மதியாகப் பார்க்கட்டும் என்று, காதல் காட்சி வந்தாலே சமையலறைக்குப் போய்விடுவேன். திரும்பி வந்தால், “பாத்தியா, நீ போனதும் முழுசா வந்துச்சு” என்பார்.

நேற்று அழைப்பு மணி அடித்தது. பார்சல் வாங்க அவர் எழுந்து போனார். திரையில் முத்தம் முழுசாக ஓடியது. நான் கண் இமைக்காமல் பார்த்தேன். அவர் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் பூக்கள் வந்துவிட்டன.

“என்னங்க, இப்ப கூச்சம் யாருக்கு?”

அவர் பார்சலைப் பிரிப்பதுபோல் குனிந்துகொண்டார். காது மடல் சிவந்திருந்தது.

“ஆபீஸ்ல நீ பக்கத்துல இல்லையே.”

நான் நெருங்கி உட்கார்ந்து அவர் தோளில் சாய்ந்தேன். டிவி அந்தப் பூக்களையும் வெட்டிவிட்டு, வானிலை அறிக்கை வாசிக்க ஆரம்பித்தது.