இறங்கிப் போன ஊசி

“ஊசி மறுபடியும் அடியில படுத்துடுச்சு, மாப்ள!”

விமானத்திலிருந்து இறங்கும்போதே பைலட் கத்தினார். மெக்கானிக்குக் கையிலிருந்த ஸ்பேனரை வீசி எறியலாம் போலிருந்தது. சொந்த அக்காவின் கணவர் என்பதால் எறியவில்லை.

ஒரு வாரமாக இதே பாட்டுதான். தரையில் இஞ்சினை ஓட்டி அவன் பார்க்கும்போதெல்லாம் ஆயில் பிரஷர் சமர்த்தாகப் பச்சைக் கோட்டுக்குள் நிற்கிறது. அத்தான் மேலே கொண்டுபோனதும் விழுந்துவிடுகிறதாம்.

“ஆயில் குறைஞ்சிருக்கான்னு பாத்தீங்களா, அத்தான்?”

பைலட் அளவுக் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டெடுத்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினார். “நீயே பாத்துச் சொல்லு. அப்புறம் நான் அளந்தது தப்புன்னு வக்கணை பேசுவே.”

அளவு சரியாகவே இருந்தது. பழைய ஃபில்டரை அறுத்துப் பார்த்ததில் தேய்மானத்தைக் காட்டும் இரும்புத் தூள் ஒரு பொட்டுகூட இல்லை. வால்வு ஸ்பிரிங், சென்சார், ஒயர் என்று எல்லாவற்றையும் மாற்றி, கடைசியில் மீட்டரையே புதிதாகப் போட்டுவிட்டான். இனி மாற்றப் பாக்கி இருந்தது இஞ்சின் ஒன்றுதான். இரண்டு குடும்பத்தையும் சேர்த்து விற்றாலும் அதற்குக் காணாது.

தீவுகளுக்கு மருந்துப் பெட்டி கொண்டுபோகும் இந்த ஒற்றை விமானம்தான் இரண்டு வீட்டுக்கும் சோறு. காலையிலேயே அக்கா போன் செய்து அழுதிருந்தாள். “அந்த இஞ்சினை நம்பி அவரை மேல அனுப்பாதேடா. எனக்கு இருக்கிறது அவர் ஒருத்தர்தான்.”

அவன் கையைத் துடைத்துக்கொண்டு விமானக் கொட்டகைக் கதவோரம் உட்கார்ந்தான். “எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பண்ணிட்டேன், அத்தான். உள்ள எங்கேயோ கோளாறு இருக்கு. நிறுத்திடலாம்.”

பைலட் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “நாளைக்கு ஒரே ஒரு தடவை நீயும் கூட வா. உன் கண்ணால பாரு. அப்புறம் நிறுத்து.”

மெக்கானிக் விமானங்களை எத்தனையோ முறை கழற்றி மாட்டியிருக்கிறானே தவிர, ஒன்றிலும் பறந்ததில்லை. அவன் வேலை தரையோடு சரி. ரன்வேயைச் சுற்றி ஒரே ஒரு வட்டம்தான் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் மறுநாள் காலை ஏறினான்.

விமானம் கொஞ்சம் கோணலாக ஓடித்தான் எழும்பியது. பயந்தாங்கொள்ளி மைத்துனனை மிரட்ட அத்தான் காட்டும் குறும்பு என்று நினைத்தான். கீழே பார்க்கத் தைரியமில்லாமல் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

“பாத்தியா, பாத்தியா! ஊசியையே காணோம். நான் சொன்னப்போ நம்பினியா?”

கண்ணைத் திறந்து மீட்டரைப் பார்த்தான். ஊசி பச்சைக் கோட்டின் நட்டநடுவில் நின்றுகொண்டிருந்தது. இஞ்சின் ஒரு பிசிறில்லாமல் ஓடியது.

ஒரு நொடி அவனுக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. இஞ்சினுக்கு ஒன்றுமில்லை, விமானம் பிழைத்தது! அதைச் சொல்லத்தான் அத்தான் பக்கம் திரும்பினான். மீட்டரைக் காட்டுவதாக நினைத்து அவர் நீட்டிய விரல், பக்கத்திலிருந்த கடிகாரத்தின் மேல் இருந்தது.

அவன் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். இடது பக்கம், கீழே, ரன்வே வெயிலில் பளிச்சென்று கிடந்தது.

“அத்தான்... ரன்வே எங்க இருக்குன்னு காட்டுங்க.”

பைலட் ஜன்னல் கண்ணாடியோடு முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு சின்னக் குரலில் சொன்னார்.

“நேத்து வரைக்கும் தெரிஞ்சுது, மாப்ள.”