கோணும் ஒட்டு

குற்றாலத்தில் சாரல் ஓய்ந்து இளவெயில் எட்டிப்பார்க்கிறது. அருவியில் நனைந்த கட்டம்போட்ட சேலையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக் காற்றில் காயவைக்கிறார்கள் செல்லப்பாவும் அவன் மனைவி ஆவுடைத்தாயும். விடுமுறை முடிந்து நாளைக்கு அவன் சென்னைக்கு ரயிலேறுகிறான், இன்ஜினீயரிங் படிப்புக்கு. அவள் தென்காசியில் அவன் வீட்டில் இருக்க வேண்டும். "அங்கன என்னால இருக்க முடியலை" என்று வரும் வழியில் சொன்னாள். "அதே வீட்லதானட்டி நானும் இருக்கேன்? எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றான். அவள் நடையை எட்டிப் போட்டாள். சேலை விறைக்கிறது. நெய்த கட்டங்கள் இழுப்பில் கொஞ்சம் நீள்கின்றன, மூலைகள் குலையவில்லை. கிழிசலை மறைக்க அவள் சாய்வாக வைத்துத் தைத்த சதுர ஒட்டுதான் மூலைக்கு மூலை கோணிப்போகிறது. "ஏட்டி, இதத்தான் வகுப்புல சொன்னாங்க. இழுப்பு ஒண்ணுதான். நேரா இருக்க சதுரம் நீளுது, அவ்வளவுதான். சாய்ஞ்சி இருக்க சதுரத்துக்கு அதே இழுப்பு..." உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு வந்தவன் பாதியில் நிறுத்தி அவளைப் பார்க்கிறான். ஒட்டின் தையல் பிரிந்துவிடுவதுபோல் விம்மி நிற்கிறது. அவன் கை தானாகத் தளர, ஒட்டு மெல்லச் சதுரமாகிறது. "ஏன் விடுதீய? இன்னும் காயலையே" என்கிறாள் ஆவுடைத்தாய், தன் முனையை இறுக்கிப் பிடித்தபடி.