ஓவியர் யார்?

"ஏன்னா, மேல் ஃப்ளாட் சாய்நாத்துக்குப் பத்தொன்பதாவது லெட்டரா?" என்றாள் அம்மிணி.

"லெட்டருக்கெல்லாம் அவன் எங்கே பதில் போடறான்? நாள் பூரா நம்ம பில்டிங் வாட்ஸ்அப் குரூப்ல அனிமேஷன், குறும்படம், மாடர்ன் ஆர்ட்னு தேடித் தேடிப் போட்டுண்டிருக்கான். அங்கேயே பிடிக்கறேன்."

சுப்ரமணியன் குழுவில் ஒரு படத்தைப் பகிர்ந்தார். பச்சையும் பழுப்புமாகத் திட்டுகள், நடுவில் மேகம் போல ஒன்று.

சாய்நாத்தின் பதில் ஒரே நிமிடத்தில் வந்தது.

"அற்புதம் மாமா! என்ன டெக்ஸ்சர்! எந்த கேலரி? வரைய எத்தனை நாளாச்சாம்?"

"நம்ம மாட்டுங்காதான். ரெண்டு வருஷமாச்சு, இன்னும் முடியலே."

"ஆர்ட்டிஸ்ட் யாரு? நேர்ல பாக்கணுமே!"

"நீதான்ப்பா. உன் பாத்ரூம் தண்ணி எங்காத்து பெட்ரூம் சீலிங்ல வரைஞ்சது. இறங்கி வந்து பாரு."

குழு முழுக்கச் சிரிப்பு எமோஜிகள் குவிந்தன.

பத்தே நிமிடத்தில் காலிங்பெல் அடித்தது.

"மானம் போயிடுத்துன்னு பிளம்பரோட வந்துட்டான், பாருங்கோ!" என்று அம்மிணி ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

சாய்நாத் தனியாகத்தான் நின்றிருந்தான். தோளில் ஏணி, கையில் மார்க்கர் பேனா.

"மாமி, கையெழுத்துப் போட எந்த மூலை நன்னாயிருக்கும்?"