மெஷினும் கையுமாக

ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷின்களைப் பழுதுபார்ப்பவர் அவர். “நெஞ்சு படபடங்குது, வேர்த்துக் கொட்டுது” என்று மனைவி போன் செய்தால், பட்டறையிலிருந்து மெஷினும் கையுமாக ஓடுவார். போய்ப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும்.

“மெஷின் பொய் சொல்லாது. நீதான் நடிக்கிற!”

இன்று மகளின் ஸ்கேனைக் காட்டினார் டாக்டர்.

“சிறுநீரகத்துக்கு மேல இருக்கிற சுரப்பியில சின்னக் கட்டி. பிரஷர் திடீர்னு எகிறும், கொஞ்ச நேரத்துல தானா இறங்கிடும். ஆபரேஷன் பண்ணினா சரியாயிடும். இது பரம்பரையாவும் வரலாம். அம்மாவுக்கு இப்படிப் படபடப்பு வருமா? நாளைக்கே கூட்டிட்டு வாங்க.”

மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“அவ போய் மூணு மாசமாச்சு டாக்டர்... அன்னைக்கும் போன் பண்ணினா. அன்னைக்கு மட்டும் நான் மெஷினை எடுத்துட்டு ஓடல.”