அடங்கிப்போன துக்கம்

மூன்று முறை கருவைப் பறிகொடுத்த நிறைமதிக்கு இந்த முறைதான் கரு தங்கியிருந்தது. பயத்தில் அதை அவள் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. அவள் கையில், தோலுக்கடியில் மருத்துவமனை பொருத்திய கருவி, கருவைக் காக்க மனதை அமைதிப்படுத்தும் ஹார்மோனைச் செலுத்திக்கொண்டே இருந்தது. மனம் கலங்கினால் அளவை அதுவே கூட்டிவிடும்.

கோவில்பட்டி வீட்டுக் கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். முகத்தைப் பார்த்ததும் நெஞ்சு வெடிக்கப் பார்த்தது. மறுகணமே இதமாக அடங்கிவிட்டது.

"பெத்த அப்பனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேங்காளே," என்றாள் சித்தி.

நிறைமதி கொல்லைப்பக்கம் போய் மருத்துவரை அழைத்தாள். "இந்தக் கருவிய அங்கிருந்தே கொஞ்ச நேரம் நிறுத்தி வைங்க டாக்டர். எங்கப்பாவுக்காக அழணும்."

"நிறுத்தலாம்மா. ஆனா கரு தங்கும்னு என்னால சொல்ல முடியாது."

அவள் அழைப்பைத் துண்டித்து, வயிற்றைத் தொட்டுப்பார்த்துவிட்டு உள்ளே திரும்பினாள்.

அப்பாவைத் தூக்கும்போது அம்மா அலறிக்கொண்டு அவள்மேல் சாய்ந்தாள். துக்கம் மறுபடி முட்டியது. கருவி தாராளமாகச் செலுத்தியது. நிறைமதியின் உதடுகள் தாமாக விரிந்து, முகமெங்கும் நிம்மதியான ஒரு சிரிப்பு படர்ந்தது. பதறிப்போய் முந்தானையால் முகத்தை இறுக மூடிக்கொண்டாள்.

"இப்பவாவது அழுதாளே," என்று சித்தி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.