படிக்கிற வாஷிங் மெஷின்

"எவன்டா என் நெட்டைத் திருடுறது? அவன் கை விளங்காமப் போக!"

நாலாம் மாடியிலிருந்து இன்சாஃப் அத்தை போட்ட சத்தத்தில், ஷுப்ரா பேட்டையில் இருந்த அந்தக் கட்டடமே மாடிப்படிக்கு வந்துவிட்டது.

"ஏன், நம்ம கிட்டயேதான் ஒரு டாக்டரம்மா இருக்காளே! கம்ப்யூட்டர் குற்றம் பத்தித்தானே ஆராய்ச்சி பண்றா? ஏய் நிஹால், மேல வாடி. திருடனைப் பிடிச்சுக் குடு."

மூன்றாம் மாடியில் நிஹால் லேப்டாப்பை விட்டு எழுந்தாள்.

திருடனே அவள்தான்.

அவள் வீட்டு நெட் பாதி மாதத்திலேயே தீர்ந்துவிடும். தம்பிக்குக் கால்பந்து, அம்மாவுக்குச் சமையல் வீடியோ. ஆய்வேட்டைக் கொடுக்கவோ ஒரு வாரம்தான் இருந்தது. அத்தையின் பாஸ்வேர்டு, மகன் ஹானியின் பெயரும் பின்னால் ஒன்று இரண்டு மூன்றும். எடுத்த எடுப்பிலேயே திறந்துகொண்டது. 'பிறர் இணைப்பைத் திருடுதல்' என்ற அத்தியாயத்துக்கு வேண்டிய புத்தகமெல்லாம் அத்தையின் இணைப்பில்தான் இறங்கின.

அத்தை மட்டும் லேசுப்பட்டவளா? வைஃபைக்கே 'திருடா, அல்லா பாக்குறான்' என்று பெயர் வைத்திருந்தாள். தினமும் அந்தப் பெயரைத் தொட்டுத்தான் நிஹால் உள்ளே போவாள். பிஸ்மில்லா சொல்லிவிட்டுத்தான்.

இது வெளியே தெரிந்தால் பட்டமும் போச்சு, மானமும் போச்சு. மேலே போனாள்.

"குவைத்துல இருந்து பேரன் பேசுறான்டி. பேச வாயைத் திறக்குறான், அப்படியே நின்னுடுறான். பல் டாக்டர் முன்னாடி உக்காந்த மாதிரி!" அத்தை போனை நீட்டினாள். "உள்ள யார் யாரு இருக்காங்கன்னு இதுல தெரியுமாமே. கண்ணாடி இல்லாம எனக்கு ஒரு எழுத்தும் புரியாது. நீயே படி."

மூன்று பெயர்கள் இருந்தன. அத்தையின் போன். டிவி. மூன்றாவது, 'நிஹால் ஆய்வு'.

லேப்டாப்புக்கு அவளே ஆசையாக வைத்த பெயர்! கம்ப்யூட்டர் குற்றத்தைக் கரைத்துக் குடித்தவள் செய்கிற வேலையா இது?

"உங்க போன்... டிவி... அப்புறம்..."

"ம், அப்புறம்?"

"வாஷிங் மெஷின், அத்தை."

அத்தை மெல்லத் திரும்பிப் பார்த்தாள். குளியலறையில், கதவைக் கயிறு போட்டுக் கட்டிய கிழட்டு மெஷின் ஒன்று நின்றது.

"இதுவா நெட் பாக்குது?"

"இப்பல்லாம் எல்லாமே பாக்குது, அத்தை."

"என்னத்தைடி பாக்குது? துணி போட்டா மட்டும் நடுவுல நின்னுடுது, கழுதை."

நிஹாலுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. ஆய்வேடு போனால் போகட்டும்.

"பாஸ்வேர்டை மாத்திடலாம், அத்தை."

"மாத்து. நீயே ஒண்ணு போட்டு, நீயே ஞாபகமும் வச்சுக்கோ. எனக்கு மறந்துடும்."

"நான் எதுக்கு அத்தை..."

"சொன்னதைச் செய்டி. பேரன் சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம்தான் பேசுவான். அந்த நேரம் மெஷினோட பிளக்கைப் பிடுங்கிடறேன். சரியாப் போச்சு."

அத்தைக்கு வெள்ளை மனசு என்று நினைத்துக்கொண்டாள் நிஹால். அன்றிலிருந்து அஸர் பாங்கு கேட்டதுமே லேப்டாப்பை மூடிவிடுவாள்.

ஆய்வேடு உரிய நாளில் போய்ச் சேர்ந்தது. நேர்காணலில் பேராசிரியர்கள் துருவித் துருவிக் கேட்டார்கள். ஆண்டவன் புண்ணியத்தில் தேறிவிட்டாள்.

அம்மா படிக்கட்டில் நின்று குலவையிட, மேலிருந்து அத்தையின் குலவை அதை அமுக்கிக்கொண்டு வந்தது.

தோழிகளுக்குச் சேதி சொல்ல நிஹால் லேப்டாப்பைத் திறந்தாள். 'திருடா, அல்லா பாக்குறான்' என்ற பெயரைக் காணோம்.

அந்த இடத்தில் இப்படி இருந்தது:

'மாஷா அல்லா, என் வாஷிங் மெஷின் பட்டம் வாங்கிடுச்சு!'